பின்சீட்டுக்கும் ஒரு முதுகு உண்டு

உளுந்தூர்பேட்டையில் வண்டியை விட்டு இறங்கிய என் மனைவி திரும்ப ஏறவில்லை. "ஏங்க, நீங்க மெதுவா வாங்க. நான் பஸ்ல போறேன்" என்றார். சொன்ன கையோடு திருச்சி பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறியும்விட்டார்.

சென்னையிலிருந்து அதுவரை ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். மேல்மருவத்தூரில் ஒரு டீ, திண்டிவனத்தில் ஒரு டீ, விழுப்புரம் தாண்டி இளநீர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார். மேகத்தை ரசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீதித் தூரத்தை அந்தப் பஸ்ஸின் புகையை முகர்ந்தபடி தனியாக ஓட்டினேன். ஜன்னலோரம் அவர் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போனது பின்னாலிருந்தே தெரிந்தது. அந்த சீட்டுக்கு முதுகு இருந்தது.

மோட்டார் சைக்கிள் வாங்கும்போது நாம் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஓட்டுபவருடையவை. எத்தனை சி.சி., மைலேஜ் எவ்வளவு, கால் தரையில் எட்டுமா, சத்தம் எப்படி? பின்சீட்டில் உட்காரப்போகிறவர் ஷோரூமுக்கு வருவது பெரும்பாலும் சாவி வாங்கும் நாளில்தான்; மாலை போட, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து மார்க்கெட் என்று ஓடுகிற வரை இதனால் ஒரு குறையும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் ஜோடியாகக் கிளம்பும்போதுதான் வண்டியில் இரண்டு முதுகுகள் இருப்பது நினைவுக்கு வருகிறது. அன்று இரவே கைபேசியில் 'பேக்ரெஸ்ட்' என்று தேட ஆரம்பிக்கிறோம். ஐந்நூறு ரூபாயிலிருந்து ஐயாயிரத்துக்கு மேலும் படங்கள் வந்து விழுகின்றன. எல்லாம் பளபளவென்று ஒன்றுபோலவே இருக்கின்றன.

நானும் அப்படித்தான் தேடினேன். முதலில் தப்பானதை வாங்கினேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்ஸின் கடைசி சீட்

ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. டேங்கை முழங்காலால் இறுக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல், பாதை தெரிகிறது. வேகத்தடை கண்ணில் பட்டதுமே அவர் உடம்பு பாரத்தைக் காலுக்கு மாற்றி இடுப்பை லேசாகத் தூக்கிக்கொள்கிறது. அவர் அதை யோசித்துச் செய்வதுகூட இல்லை. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும். முன்னறிவிப்பே இல்லாமல் அடி விழுகிறது. அதோடு அவர் உட்கார்ந்திருப்பது பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய நேர்மேலே. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளம் மேடு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதுகெலும்புக்குள் அப்போது என்ன நடக்கிறது? ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் முள்ளெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நிற்பதைவிட, சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது தட்டின் மீது அழுத்தம் கூடுகிறது என்றார். 1999-ல் ஜெர்மனியில் வில்கெ என்பவரின் குழு ஒரே ஒருவருடைய முதுகில் கருவியைப் பொருத்தி, அவருடைய அன்றாட அசைவுகளை எல்லாம் அளந்தது. தளர்வாக உட்காருவது நிற்பதைவிட மோசமில்லை என்று அதில் வந்தது. எது சரி என்று மருத்துவர்கள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு வேண்டிய ஒரு விஷயத்தில் இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகின்றன: பின்னால் சாய்ந்ததும் அழுத்தம் குறைகிறது.

சாய்மானம் செய்யாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பின்னால் சறுக்காமல் அது தாங்கும். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போகிறது. அப்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் மெத்தையால் ஒரு பயனும் இல்லை, கையால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். குண்டும் குழியும் தரும் மேல்கீழ் குலுக்கலையும் அது குறைக்காது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு ஐந்து முறை அளவில் வரும் குலுக்கலுக்குத்தான் மிக அதிகமாக இசைந்து ஆடும் என்கிறார்கள். அதை அடக்குவது சாக் அப்சார்பர், டயர் காற்று, சீட் ஃபோம் ஆகியவற்றின் வேலை. இந்த மூன்றும் கெட்டுக் கிடக்கும் வண்டியில் பேக்ரெஸ்ட் மாட்டினால், குலுக்கல் இடுப்போடு சேர்த்து முதுகுக்கும் போகும். ஜோடியாகப் போகும்போது பின்டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பீரோவில் இருக்கிறது.

கேலிப்பெயர் வாங்கிய கம்பி

அமெரிக்காவில் இந்தச் சாய்மானக் கம்பிக்கு 'சிஸ்ஸி பார்' என்று பெயர். பயந்தாங்கொள்ளிக் கம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சாய்ந்து உட்காருகிறவனை முரட்டு ஓட்டுநர்கள் கேலி செய்த காலத்துப் பெயர். அதே கம்பியை ஆள் உயரத்துக்கு நீட்டிக் குரோம் பூசிப் பெருமையாக ஓட்டினார்கள் என்பது தனிக்கதை. 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் அமெரிக்கக் கொடி வரைந்த டேங்கோடு வரும் வண்டியில் அப்படி ஒன்று உயர்ந்து நிற்கும். நம் ஊரில் யாரும் கேலி செய்யவில்லை. பழைய ஸ்கூட்டர்களில் ஸ்டெப்னிக்கு மேல் சின்ன மெத்தை ஒன்றைப் பொருத்தி, மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்துச் சினிமாவுக்குப் போன குடும்பஸ்தர்கள்தான் இங்கே முன்னோடிகள்.

இன்று சில வண்டிகளில் கம்பெனியே பொருத்தித் தருகிறது. பஜாஜ் அவெஞ்சர் குரூஸில் உண்டு. 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 வந்தபோது, அதன் உயர்ந்த ரகமான சூப்பர்நோவாவில் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் பின்சீட் சாய்மானமும் சேர்ந்தே வந்தன. 2023-ல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியர் 650-ன் டூரர் ரகத்திலும் இதே ஜோடி. மற்ற மாடல்களின் சொந்தக்காரர்கள் கடை ஏற வேண்டியதுதான்.

விலையுயர்ந்த வண்டி ஒன்றிலிருந்து இலவசமாகக் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. ஹோண்டா கோல்டு விங் 1975-லிருந்து வரும் வண்டி; அதன் டூர் ரகத்தில் பின்சீட் வீட்டு சோபா மாதிரி இருக்கும். 2021 மாடலில் அந்த சோபாவின் முதுகைத் திருத்தினார்கள். 16.5 பாகை சாய்ந்திருந்ததை 24.5 பாகையாக்கினார்கள், ஃபோமைத் தடிமனாக்கினார்கள், உயரத்தையும் கூட்டினார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் நீண்ட பயணத்துக்கென்றே வண்டி செய்துகொண்டிருப்பவர்கள் வெறும் எட்டுப் பாகைக்காக மெனக்கெட்டிருக்கிறார்கள். நம் கடைகளில் தொங்கும் மலிவுச் சாய்மானங்கள் பலவற்றைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கொடிக்கம்பம் போல நேராக நிற்கும். அதில் சாய முடியாது. அது முதுகைப் பிடித்து முன்னால் தள்ளும். வாங்கப்போகும் பொருளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சாய்வைத்தான். சற்றே பின்னால் படுத்திருக்கிற கம்பி, அல்லது கோணத்தை மாற்றிக்கொள்ள வசதியாக நீள்துளை வெட்டிய தகடு இருந்தால் கையில் எடுங்கள்.

அறுநூற்றைம்பது ரூபாய்ப் பாடம்

என் முதல் சாய்மானம் 650 ரூபாய். எந்தக் கடை என்பது வேண்டாம். குரோம் பளபளத்தது, மெத்தையில் வைரக்கட்டத் தையல் போட்டிருந்தது, பத்து நிமிடத்தில் மாட்டியும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் ஒரு வேகத்தடையில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நிறுத்திப் பார்த்தால், மெத்தை ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தது. போல்ட்டுகள் அத்தனையும் ஒழுங்காக இருந்தன. அவை பிடித்திருந்த தகடுதான் வெல்டிங் ஓரமாகக் கிழிந்திருந்தது, தகர டப்பா மூடி போல.

ஏன் கிழிந்தது என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லும். பின்னால் இருப்பவர் 20 கிலோ அளவு பாரத்தைச் சாய்மானத்தில் போடுகிறார் என்று வையுங்கள். மெத்தையின் நடுப்பகுதி, போல்ட் போட்ட இடத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே 6 செ.மீ. தான். கடப்பாரை நெம்புகிற கணக்கில், அந்த இடத்தில் இழுப்பு நூறு கிலோ ஆகிவிடுகிறது. இது சும்மா சாய்ந்திருக்கும்போது. பள்ளத்தில் விழுந்து எழும்போது இன்னும் கூடும். அதுவும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. நல்ல 8 மி.மீ. போல்ட் இதைப்போல் பல மடங்கு தாங்கும். மெலிந்த தகடும் அவசர வெல்டிங்கும்தான் களைத்துப்போய் விரிசல் விடுகின்றன. தகட்டின் தடிமனை 3 மி.மீ.லிருந்து 5 ஆக்கினால், வளைவதை எதிர்க்கும் விறைப்பு நாலரை மடங்குக்கு மேல் கூடுகிறது. விலை கூடுவது சில பத்து ரூபாய்.

ஆகவே மெத்தையைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். தையல் அழகு எங்கே போய்விடப்போகிறது? வண்டியோடு சேரும் இடத்தில் தகடு எவ்வளவு தடிமன், வெல்டிங் சுற்றிலும் ஓடியிருக்கிறதா அல்லது இரண்டு பொட்டு வைத்துவிட்டிருக்கிறார்களா, இரண்டு கம்பிகளையும் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருக்கிறதா? அடுத்து, அது வண்டியில் எதைப் பிடித்து நிற்கப்போகிறது? சேசிஸில் கிராப் ரெயிலுக்கென்று கம்பெனி விட்ட துளைகளில் உட்கார்ந்தால் நல்லது. வெறும் மட்கார்டுத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றால், காசைப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். சில மாதத்தில் சாய்மானமும் போகும், மட்கார்டும் போகும்.

எவர்சில்வர் என்று சொல்லி விற்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டுவார். "பாருங்க சார், ஒட்டல. ஒரிஜினல் 304." காந்தம் ஒட்டாதது உண்மைதான். ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் அது ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த எஃகு அது. பார்வைக்குத் தேறும், கடற்கரைக் காற்றில் 304 அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரம் என்று இருப்பவர்கள் இந்த 'ஒரிஜினல்' பேச்சுக்கு அதிகம் கொடுப்பதைவிட, பவுடர் கோட்டிங் செய்த சாதாரண எம்.எஸ். பைப்பை வாங்கி, கீறல் விழும் இடத்தில் அவ்வப்போது பெயின்ட் தொட்டு வைப்பது லாபம். என் கணிப்பில் குரோம் பூச்சுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு புகைப்படத்துக்குக் கொடுக்கும் காசு.

இன்னொரு மலிவு வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. கம்பெனியே சாய்மானம் தருகிற மாடல் உங்களுடையது என்றால், பழைய பொருள் சந்தையில் அதே கம்பெனிச் சாய்மானம் கிடைக்கலாம். தனியாக ஓட்டுகிற இளைஞர்கள் வண்டி வாங்கிய வாரத்திலேயே அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகச் சுற்றினால் கண்ணில் படும். துளை வட்டமாக இருக்கிறதா, தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையாகியிருந்தால் அது தளர்ந்த போல்ட்டோடு வெகுதூரம் ஆடிக்கொண்டே போன பொருள்.

அளவெடுக்க ஆள் வேண்டும்

புதுப்பேட்டையில் ஒரு சீட் கடை. பெரியவர், எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடுகிறார்கள். கிழிந்த தகட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உக்காரப்போறது யாரு சார்?" என்று கேட்டார். மனைவி என்றேன். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஒங்க முதுகுக்கு அளவெடுத்து அவங்களுக்கா மாட்டுறது?"

இரண்டு வருடப் பேக்ரெஸ்ட் ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆலோசனை இதுதான். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மனைவியோடு போனேன். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, என்னை முன்னால் உட்காரச் சொல்லி, ஹெல்மெட்டையும் மாட்டச் சொன்னார். "நீங்க வழக்கமா எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்கக்கா." மனைவி உட்கார்ந்தார். சீட் அமுங்கி அடங்கும்வரை கொஞ்ச நேரம் விட்டு, இடுப்பு உள்வாங்கும் இடத்துக்கு நேராகக் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு மெத்தையின் நடுவில் வர வேண்டும். என் பழைய 650 ரூபாய்ச் சாய்மானத்தில் அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. மெத்தை தோள்பட்டை எலும்பில் போய் இடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் மனைவி சாயாமல், அதிலிருந்து தப்பித்து முன்னால் குனிந்தே வந்திருக்கிறார்.

உயரத்தைப் போலவே முன்பின் தூரமும் முக்கியம். மெத்தை ரொம்ப முன்னால் வந்தால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் 'டொக்' என்று முட்டிக்கொள்ளும். ரொம்பப் பின்னால் போனால் சாய்கிறவரின் பாரம் பின்சக்கர அச்சைத் தாண்டி விழும், முன்சக்கரம் லேசாகும். மலை ஏற்றத்தில் அது நல்லதில்லை. முதுகுப்பை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்காருகிறவராக இருந்தால் இந்த அளவு எல்லாம் வீண். பையைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிட்டு அளவெடுக்க வேண்டும்.

மெத்தைக்கு நாலைந்து செ.மீ. தடிமன் போதும். அதற்கு மேல் போனால் இடத்தைத் தின்னும். சாதாரண பஞ்சு ஃபோம் ஒரே மழைக்காலத்தில் அப்பளமாகிவிடும்; விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே இருக்கும் பலகை தட்டுப்படாத அளவு அடர்த்தியானதாகக் கேளுங்கள். ரெக்சின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். கறுப்பு ரெக்சின் அழகுதான். வேலூர் வெயிலில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாய்ந்து பார்த்தவர்கள் ஒரு துண்டை மேலே போர்த்த மறக்க மாட்டார்கள்.

இந்தச் சாமானை எங்கோ வடிவமைத்தவர்கள் யோசிக்காத ஒன்று, நம் ஊரில் பின்சீட்டில் பாதிப் பேர் ஒருபக்கமாக உட்காருகிறார்கள் என்பது. புடவை கட்டிய அம்மா இடதுபக்கம் கால் போட்டு உட்கார்ந்தால், சாய்மானம் அவருடைய முதுகுக்குப் பின்னால் வராது. இடது கைப்பக்கம் வரும். முதுகுக்குப் பின்னால் இருப்பது திறந்த சாலை. அவருக்கு அது சாய்மானமாக உதவாது, கை வைக்கும் இடமாக உதவும். என் அம்மா அப்படித்தான் பிடித்துக்கொள்கிறார், "நாற்காலிக் கை மாதிரி இருக்குடா" என்று. ஆனால் மெத்தைக்குக் கீழே அம்மணமாக நிற்கும் கம்பி விலாவில் குத்தும். வீட்டில் ஒருபக்கமாக உட்காருகிறவர் உண்டு என்றால், பக்கவாட்டிலும் ஃபோம் சுற்றிய, முனை மழுங்கிய, உயரம் குறைந்த சாய்மானமாகப் பாருங்கள். புடவை தலைப்பு சிக்கக்கூடிய கொக்கியோ நீட்டிய போல்ட்டோ எங்கும் இருக்கக் கூடாது.

ஏறி இறங்குவதையும் கடையிலேயே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. சாய்மானம் வந்த பிறகு பின்னால் காலைச் சுழற்றி ஏறுவது கனவு. ஓட்டுபவருக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் காலை மடக்கி நுழைக்க வேண்டும். வேட்டியோ லுங்கியோ கட்டி ஓட்டுகிறவர்கள் முதல் வாரம் படும் பாட்டைத் தெருவே பார்க்கும். பின்னால் இருப்பவர் கால்பலகையில் ஏறி நின்று உள்ளே நுழையும்போது, வண்டியைச் சைடு ஸ்டாண்டை நம்பி விட்டுவிடாமல் ஓட்டுபவர் முன்னால் உட்கார்ந்து தாங்கிக்கொள்ள வேண்டும். இருநூறு கிலோவை நெருங்கும் வண்டி ஒருபக்கம் சாய ஆரம்பித்தால் பிடிப்பது கஷ்டம்.

ஓட்டுபவருக்கு?

இதை எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு வலிக்கிறதே, எனக்கும் ஒன்று உண்டா? உண்டு. ஓட்டுபவரின் சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் ஒரு தகடு இறக்கி, முன்பக்கம் மடங்குகிற மாதிரி சின்ன மெத்தை பொருத்துவார்கள். கோல்டு விங் மாதிரி வண்டிகளிலேயே பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம் வண்டியோடு வரும். ஓட்டுபவர் தனக்கு வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

எந்த வண்டிக்கு அது பொருந்தும் என்பதுதான் விஷயம். கால்பலகை முன்னால் தள்ளி, சீட் தாழ்வாக இருக்கும் மீட்டியர், அவெஞ்சர் மாதிரி வண்டிகளில் உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் விழுகிறது. காலை ஊன்றி எழுந்துகொள்ளவும் முடியாது. அங்கே இடுப்புக்கு ஒரு தாங்கல் கிடைத்தால் பெரிய நிம்மதி. நிமிர்ந்து உட்கார்ந்து, கால்பலகை உடம்புக்கு நேர் கீழே இருக்கும் வண்டிகளில் எதிர்காற்றுக்கு நாம் தானாகவே முன்னால் சாய்ந்து ஓட்டுகிறோம். மெத்தை சும்மா பின்னால் நிற்கும். மலை வளைவுகளில் உடம்பை நகர்த்த வேண்டியிருக்கும்போது அது குறுக்கே வரும். பின்சீட்காரரின் இடத்திலும் ஒரு சாண் போய்விடும்.

செலவு செய்வதற்கு முன் சீட்டைப் பாருங்கள் என்பேன். பல வண்டிகளில் முன்சீட் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கும். சறுக்கிச் சறுக்கி முன்னால் போய், திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளி உட்கார்ந்தே முதுகு போகும். சீட் கடையில் ஃபோமைச் சமன் செய்து, பின்சீட் தொடங்கும் படியை ஓரிரு அங்குலம் தூக்கிக் கொடுத்தால், அந்தப் படியே ஓட்டுபவரின் இடுப்புக்கு அண்டைக் கொடுக்கும். ஹேண்டில்பார் எட்டாமல் தோளை நீட்டி ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் மெத்தை வைத்தும் வலி போகாது. ஹேண்டிலைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு இருக்கவே இருக்கிறது காசில்லாத சாய்மானம்: துணிப்பை. பின்சீட்டில் முதுகை ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள். துணியும் போர்வையும் முதுகுப் பக்கம், சார்ஜரும் ஸ்பேனரும் பின்பக்கம். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம், பக்கிள் வைத்த பட்டையால் கட்டுங்கள். ரப்பர் கயிறு நழுவிச் சக்கரத்துக்குள் போனால் பயணம் அங்கேயே முடியும். நாலு நாள் ஓட்டிப் பார்த்து, இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். பலருக்குப் பையே போதும் என்றாகிவிடும்.

கழற்றக் கூடாத கம்பி

சட்டத்தை இரண்டு வரியில் முடிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. போல்ட் போட்டு, வேண்டும்போது கழற்றக்கூடிய சாய்மானம் ஒரு ரகம். சேசிஸை அறுத்து, அதிலேயே வெல்டிங் வைப்பது முற்றிலும் வேறு ரகம். சட்டத்தை விட்டாலும், மெல்லிய குழாய்ச் சேசிஸின் பலம் அந்தச் சூட்டில் போய்விடும். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த இன்றைய வண்டிகளில் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்து, அந்தப் பெட்டியையே எரித்துக்கொண்டவர்களும் உண்டு.

கவனிக்காமல் விடுவது இன்னொன்று. பின்சீட் உள்ள மோட்டார் சைக்கிளில் நிரந்தரக் கைப்பிடி, கால்பலகை, பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் துணித்தடுப்பு இவை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சாய்மானம் மாட்ட வசதியாகக் கிராப் ரெயிலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிற கடைகள் உண்டு. புதுக் கம்பியில் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கிற ஒரே பிடி உங்கள் சட்டைதான். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையவே கூடாது.

சாய்மானம் இருக்கிறதே என்ற தைரியத்தில் குழந்தையைப் பின்னால் தூங்கவிட்டு ஓட்டுகிறவர்களை நெடுஞ்சாலையில் பார்க்கிறேன். நாலு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும், அவர்களோடு போகும்போது மணிக்கு 40 கி.மீ. வேக வரம்பும் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்துவிட்டது. மெத்தை அந்தப் பட்டை ஆகாது.

பாய் செய்து கொடுத்தது பார்க்கச் சாதாரணம். கறுப்புப் பைப், 5 மி.மீ. தகடு, லேசாகப் பின்னால் சாய்ந்த நெஞ்சு. கம்பி வேலைக்கு 1,400, மெத்தைக்கு 500. தலையில் 8.8 என்று அச்சடித்த நாலு போல்ட்டும் நைலாக் நட்டும் வாங்கி வரச் சொல்லி என்னைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். "ஐந்நூறு கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை இறுக்கிடுங்க சார். அப்புறம் அது பாட்டுக்குக் கிடக்கும்."

தை மாதம் மறுபடியும் திருச்சி. மேல்மருவத்தூர் வந்தது. "டீ?" என்றேன். "போங்க" என்றார். திண்டிவனத்திலும் அதே பதில். உளுந்தூர்பேட்டையில் நான்தான் நிறுத்தினேன், எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அவர் இறங்கவில்லை. மெத்தையில் சாய்ந்தபடி, எதிரே நின்றிருந்த திருச்சி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல கூட்டம் ஜாஸ்தி போலிருக்கு" என்றார்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் அறை. பெட்டியை இறக்கியதும் டூல்கிட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் பார்த்தேன். வலதுபக்கம் பின்னால் இருந்தது கால் சுற்றுத் தளர்ந்திருந்தது.